தாச்சி வைக்கும் நாள்

மே 11

பெயர்ப்பலகை எழுதுகிறவர் வந்தார். பெரிய எழுத்தில் ‘மலர் பலகாரம்’, கீழே சின்னதாக என் பெயர், அவ்வளவுதான் என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தேன். தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, அண்ணையின்ரை பேர் இல்லாமல் எப்பிடி? சனம் என்ன நினைக்கும்?”

“ஒஸ்லோவிலை இருக்கிற ஆளின்ரை பேர் நெல்லியடியிலை என்னத்துக்கு?”

“வரத்தானே போறார்?”

“ஓம், கோடைக்கு வருவார்” என்றேன். நெல்லியடியில் எது கோடை, எது கோடையில்லை? வருஷம் முழுக்க ஒரே வெக்கைதான். இருபத்தெட்டு வருஷ நோர்வே வாய், தானாகச் சொல்லிவிட்டது. பலகையில் இப்போது ‘உரிமை: திரு. திருமதி கிருபானந்தன்’ என்று இருக்கிறது. அழிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். விட்டுவிட்டேன்.

ஒஸ்லோவில் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தபோது, குளிர்பெட்டிகளின் சூட்டைத் தினமும் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கை இப்போதும் பின்னேரமானால் பேனாவைத் தேடுகிறது. இங்கே எனக்கு ஒரு குளிர்பெட்டிதான். அதனால் அன்றன்றைக்கு நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மே 24

வேலைக்கு ஆறு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். தலைவி தங்கேஸ் அக்கா. பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். புருஷனை யுத்தத்தில் இழந்தவர். வாயை மட்டும் இழக்கவில்லை.

தலைமயிர் விழாமல் இருக்க எல்லோருக்கும் வலைத்தொப்பி கொடுத்தேன். தங்கேஸ் அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“என்னடி இது, மீன் பிடிக்கவோ போறம்?”

“சுத்தம், அக்கா. நோர்வேயிலை இது இல்லாட்டிக் குசினிக்குள்ளை விடமாட்டினம்.”

“நோர்வேக்காரன் அரியதரம் சுட்டுக் கிழிச்சவனாக்கும்” என்றார். ஆனால் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போதும் ஒருத்தி வலையோடேயே சைக்கிளில் போனாள். சிரித்துக்கொண்டே கூப்பிட்டுக் கழற்றி வாங்கினேன்.

ஜூன் 8

வியாபாரம் படுத்துக் கிடக்கிறது.

லண்டனுக்கும் பாரிசுக்கும் பொதி அனுப்புகிறவர்கள் கொஞ்சம் வாங்குகிறார்கள். கலியாண வீடுகள் வாசலுக்கும் வருவதில்லை. அவற்றை நம்பித்தான் எல்லாவற்றையும் போட்டேன். என் கணக்கில் பிழை இல்லை. ஊரில் பலகாரம் சுட ஆள் இல்லை. பெரியம்மா கனடா, சித்தி ஜெர்மனி, மச்சாள்மார் ஆளுக்கொரு நாடு. கலியாண வீட்டில் மா இடிக்கவும் சீனிப்பாகு காய்ச்சவும் யார் மிச்சம்? கடையில் வாங்கித்தானே ஆகவேண்டும் என்று ஒஸ்லோவில் இருந்து பார்த்தபோது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

தங்கேஸ் அக்கா இன்று விஷயத்தை உடைத்தார்.

“சாப்பிட வாங்குவினம், மலர். கலியாணத்துக்கு வாங்கமாட்டினம். கலியாணப் பலகாரத்துக்கு நாள் பாத்து அடுப்பிலை எண்ணெய்த் தாச்சி வைக்கோணும். புருஷன் உயிரோடை இருக்கிற பொம்பிளை, அந்த வீட்டுக்கு உரித்துக்காரி, முதல் பணியாரத்தை எண்ணெயிலை விடோணும். கடையிலை ஆர் வைச்ச தாச்சியோ ஆருக்குத் தெரியும்? ‘கடைப் பலகாரமாம்’ எண்டு ஒரு கதை வந்தால் காணும், அந்தக் குடும்பம் தலை நிமிராது.”

இது எனக்குத் தெரியாததல்ல. என் கலியாணத்துக்கே பெரியம்மாதான் எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் ஏற்றினார். நோர்வேயில் அதெல்லாம் தேவைப்படவில்லை. சந்தை பற்றிப் படித்த வகுப்பில் இந்தப் பாடம் இருக்கவுமில்லை.

ஜூன் 21

நல்ல நாள். மிக நல்ல நாள்.

இராசமணி ரீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஊரில் பாதிப்பேருக்கு வாய்ப்பாடு படிப்பித்தவர். மகன் லண்டனிலிருந்து வருகிறான், ஆகஸ்ட் கடைசியில் கலியாணம். கதிரையில் இருந்தவர் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மலர், எனக்கு ரண்டு தங்கச்சி. ரண்டு பேரும் கனடா. ஒருத்திக்கு முழங்கால், மற்றவளுக்கு லீவில்லை. என்ரை மனுசன் போய் ஒம்பது வருஷம், நான் தாச்சி வைக்கேலாது. என்ரை வீட்டிலை ஒரு கட்டுக்கழுத்தி இல்லை.”

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. “நீங்கள் நாள் பாத்துக்கொண்டு இஞ்சை வாங்கோ ரீச்சர். உங்கடை விளக்கு, உங்கடை பிள்ளையார். உங்களுக்கு முன்னாலையே தாச்சி வைப்பம். இது அண்டைக்கு உங்கடை வீட்டுக் குசினி.”

“ஆர் வைக்கிறது?”

“நான் வைக்கிறன்.”

ரீச்சரின் கண் கலங்கியது. “நீர் வைச்சால் நல்லது. நீரும் கிருபானந்தனும் ஒரு சண்டை சச்சரவில்லாமல் இருந்தனீங்கள். அவரும் கலியாணத்துக்கு நிப்பாரெல்லோ?”

“நிப்பார்” என்றேன்.

இந்த ஒரு கலியாணம் ஒழுங்காக நடந்தால் போதும். ரீச்சர் வாயால் ஊருக்குத் தெரியும். பிறகு எல்லாரும் என்னிடம் வந்து தாச்சி வைப்பார்கள். நடக்காவிட்டால் வருஷக் கடைசிக்குள் இந்தக் கதவைப் பூட்ட வேண்டியதுதான். வேறு வழி எனக்கில்லை.

ஜூலை 5

ஒஸ்லோவில் மழையாம். பதினான்கு பாகை. கைத்தொலைபேசியில் அந்த ஊர்க் காலநிலை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எப்படி நிற்பாட்டுவது என்று தெரியவில்லை.

ஜூலை 17

மா வறுக்கிற சரோ ஒரு மாதத்துக்கு வரமாட்டாளாம். கனடாவில் சித்தப்பா செத்துவிட்டாராம், வீட்டில் துடக்காம், சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள் கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை, அவள் கை பட்ட மாவைக் கலியாண வீடு தொடாது. “நீ அந்தச் சித்தப்பாவைக் கண்டிருக்கிறியோ?” என்று கேட்டேன். இல்லையாம். படத்தில் பார்த்ததாம்.

ஸ்காபரோவில் செத்தவருக்கு நெல்லியடியில் என் மா வறுபடாமல் கிடக்கிறது! எனக்கு வந்த கோபத்துக்கு நோர்வே மொழியில் ஒரு சொல் இருக்கிறது. சரோ என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டாள். “உரித்து எண்டால் உரித்துத்தானே அக்கா, கடல் கடந்தால் இல்லாமல் போகுமோ?” என்றாள். அனுப்பிவிட்டு நானே வறுத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது.

ஆகஸ்ட் 2

ஆடி மாதம். ஒரு கலியாணமும் இல்லை. சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது.

ஆரபி எடுத்தாள். மகள் ஒஸ்லோவிலேயே பிறந்தவள். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் பேசுவாள். “அப்பா மெலிஞ்சுபோனார் அம்மா. ஒருக்கா எடுங்கோவன்.”

“அவருக்கு என்ரை நம்பர் தெரியும்தானே?”

“ரண்டு பேரும் இதையேதான் சொல்லுறியள்” என்று வைத்துவிட்டாள்.

இங்கே யாருக்கும் சொல்லாததை இதிலாவது எழுதலாம். நானும் அவரும் சட்டப்படி பிரிந்து மூன்று வருஷமாகிறது.

சண்டை இந்தக் குசினியைப் பற்றித்தான். வீட்டை விற்று ஊருக்குப் போய்த் தொழில் தொடங்குவோம் என்றேன். அவர் மாட்டேன் என்றார். பஸ் ஓட்டுகிற வேலையில் இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது, இந்த வயதில் என்ன தொழில், அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். ஒரு மாரிகாலம் முழுவதும் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு ஒருநாள் பிரிவதற்கான பத்திரத்தோடு வந்து நின்றார். “இதிலை கையெழுத்து வைச்சால் வீட்டிலை பாதி உனக்கு வரும். வங்கி எனக்குக் கடன் தந்து உன்ரை பாதியைக் குடுக்கும். கடதாசிக்குத்தானே” என்றார்.

கடதாசிக்குத்தானே.

என் கனவுக்குக் காசு கொடுக்க அவர் கண்டுபிடித்த வழியா அது? அல்லது என்னை அனுப்பிவிட மரியாதையான வழியா? நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவதொரு பதில் வந்துவிடும் என்று பயம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்த்தான் கொடுத்தோம். நான் எப்போதும் பேனா மறப்பேன் என்று அவர் இரண்டு பேனா கொண்டுவந்திருந்தார்.

ஆகஸ்ட் 10

ரீச்சருக்குக் காட்ட அரியதரம் கொஞ்சம் சுட்டோம். தங்கேஸ் அக்கா கடித்துப் பார்த்துவிட்டு, “சீனி காணாதடி” என்றார்.

“கனக்க இனிச்சால் அவருக்குப் பிடிக்காது” என்றேன்.

“எவருக்கு? கலியாண மாப்பிள்ளைக்கோ?”

ஓம், மாப்பிள்ளைக்குத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த முறை சீனி கூட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 16

காலையில் ஆரபி எடுத்தாள். அவர் இறந்துவிட்டார்.

பச்சரிசி ஊறப்போட்டது. பயறு வறுத்து முடிந்தது. எரிவாயு சிலிண்டர் இரண்டு வந்தது, ஒன்றில் கசிவு, திருப்பி அனுப்பினேன். நல்லெண்ணெய் நாளைக்கு.

ஆகஸ்ட் 17

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வேலைக்குப் போகச் சீருடை போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தவர் வழியில் விழுந்திருக்கிறார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டதாம். நான் இருபத்திரண்டு வருஷம் சமைத்த அதே ஆஸ்பத்திரி. ஐம்பத்தொன்பது வயது.

சத்தம் போட்டு அழ முடியவில்லை. சுற்றிவர வேலைப் பெண்கள். அழுதால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் இருபத்தோராம் திகதி ரீச்சர் வீட்டுத் தாச்சி இல்லை. பயறு வறுத்த புகை என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

மத்தியானம் குணவதி எடுத்தாள். அவருடைய தங்கச்சி, அவளும் ஒஸ்லோதான். “அண்ணி” என்ற ஒரு சொல்லிலேயே அவளுக்கும் நாங்கள் பிரிந்த விஷயம் தெரியாது என்று விளங்கிவிட்டது.

“அண்ணி, என்ன அநியாயம் இது! இன்னும் கொஞ்சக் காலம் இருந்தால் உங்களிட்டை வந்திருப்பாரே. ‘அவ முன்னுக்குப் போய்க் கடையைத் திறக்கிறா, நான் பென்சன் எடுத்த கையோடை பின்னாலை போவன்’ எண்டு எங்கை கண்டாலும் இதே கதைதானே.”

நான் இங்கே ‘கோடைக்கு வருவார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே ‘பின்னால் போவேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னது மானத்துக்காகச் சொன்ன பொய். அவர் சொன்னது பொய்தானா?

குணவதி மேலும் கேட்டாள். “மரண அறிவித்தல் போடோணும் அண்ணி. பேரெல்லாம் ஒழுங்காய் வரோணும். நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.” இன்னார் மகன், இன்னார் மருமகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் தந்தை. இணையத்தில் வந்தால் ஒரு மணித்தியாலத்தில் நெல்லியடி முழுக்கத் தெரிந்துவிடும்.

பிறகு சொல்கிறேன் என்று வைத்தேன்.

ஆகஸ்ட் 18

ஆரபியும் நானும் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, மாமி பேரெல்லாம் கேக்கிறா. உங்கடை பேரைப் போடுறதோ இல்லையோ? நீங்கள் இப்ப அப்பாவின்ரை ஆர்? எனக்கு அந்தச் சொல் தெரியேல்லை.”

“எனக்கும் தெரியேல்லை.”

“ஆஸ்பத்திரிப் பத்திரத்திலை ‘பிரிந்தவர்’ எண்டு இருக்கு. நான்தான் கிட்டின சொந்தம் எண்டு எழுதினவை. உங்கடை பேரைப் போட வேண்டாம் எண்டால் நான் மாமிக்கு உண்மையைச் சொல்லுறன். இப்ப ரிக்கற் பாத்தன், நாளைக்கு ஒரு சீற் இருக்கு. வாறியளோ?”

பெயரைப் போட்டால் நான் கைம்பெண். முப்பத்தொரு நாள் துடக்கு, அதற்குப் பிறகும் ஆயுள் முழுக்க நான் எவர் வீட்டுத் தாச்சியும் வைக்க முடியாது. பெயரைப் போடாவிட்டால் எனக்குத் துடக்கு இல்லை. ஆனால் இத்தனை நாளும் ஊருக்குச் சொன்னது அத்தனையும் பொய் என்றாகும். இரண்டில் எதுவானாலும் இருபத்தோராம் திகதிக்கு முன்னால் வரக்கூடாது. அதற்குப் பிறகு எது வந்தாலும் வரட்டும்.

“ஆரபி, அறிவித்தலை இருபத்திரண்டாம் திகதிக்குப் போடச் சொல்லுறியோ? ஆஸ்பத்திரியாலை இன்னும் விடேல்லை எண்டு மாமிக்குச் சொல்லு. அதுக்குப் பிறகு நான் வாறன்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“உங்களுக்குப் பலகாரம் சுடோணுமோ அம்மா?” என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். ஒரு சொல்லும் தேடவில்லை.

“ஓம்” என்றேன்.

சரி என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 20

பித்தளைத் தாச்சி புளி போட்டு மினுக்கியாயிற்று. மூன்று வாழைக்குலை. மாவிலைக்குச் சொல்லியிருக்கிறது. பயித்தம் உருண்டை பிடித்துத் துணியால் மூடி வைத்தோம். நானும் பிடித்தேன். பிடிக்காமல் இருந்தால் தங்கேஸ் அக்கா பார்ப்பார்.

அவர் எப்படியும் பார்க்கத்தான் செய்கிறார். “நாலு நாளாய் நீ சாப்பிடேல்லை. என்னடி, அவரோடை சண்டையோ?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா. சண்டை ஒண்டும் இல்லை.”

மூன்று வருஷத்தில் சொன்ன முதல் உண்மை.

ஆகஸ்ட் 21, மத்தியானம்

நடந்ததைச் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

நல்ல நேரம் ஒன்பதரைக்குப் பிறகு. ரீச்சர் பட்டுச்சேலையோடு வந்தார். தட்டத்தில் வெற்றிலை, மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ. கூடவே அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர். ரீச்சரின் கைத்தொலைபேசியில் கனடாத் தங்கச்சிமார் இரண்டு பேரும் நித்திரை முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் வைத்தாயிற்று. தாச்சியில் எண்ணெய் காய்ந்தது. தங்கேஸ் அக்கா முறைப்படி உள்ளே வராமல் பின்கதவடியில் நின்றார்.

ஒரு உருண்டையை எடுத்து மாக்கரைசலில் தோய்த்துவிட்டேன். கையில் இருக்கிறது. எண்ணெயில் விட வேண்டியதுதான் பாக்கி. அதை மட்டும் செய்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ரீச்சர் குங்குமச் சிமிழை அயல் பெண் ஒருத்தியிடம் கொடுத்தார். “கொஞ்சம் பொறும்” என்று அவள் என் நெற்றியில் பொட்டு வைத்தாள். வகிட்டிலும் வைத்தாள். பிறகு ரீச்சர் கண்ணை மூடி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “மலரும் கிருபானந்தனும் மாதிரி என்ரை பிள்ளையளும் கனகாலம் ஒண்டாய் இருக்கோணும், பிள்ளையாரப்பா.”

என் கை நின்றுவிட்டது.

நான் பாவ புண்ணியம் பார்க்கிற ஆள் இல்லை. ஒரு உருண்டை எண்ணெய்க்குள் போவதால் லண்டன் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால் அல்ல. அவர் ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் ஐந்து நாளாக, மனைவி என்று ஒருத்தியும் இல்லாமல் கிடக்கிறார். நான் உயிரோடு இருக்கிற புருஷனின் பெண்டாட்டியாகப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறேன். இந்த உருண்டையை விட்டேனென்றால் எனக்கு அவர் ஒருவருமில்லை என்று நானே சொன்னதாகிவிடும்.

“ரீச்சர், எனக்குத் துடக்கு” என்றேன்.

ரீச்சர் இரண்டடி பின்னுக்குப் போனார். “இப்பவோ?” என்றார். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். கைத்தொலைபேசிக்குள்ளிருந்து “என்னவாம், என்னவாம்?” என்று கனடா கேட்டது. பின்கதவடியிலிருந்து தங்கேஸ் அக்காவின் குரல் வந்தது.

“அம்பத்திரண்டு வயசிலையோ? உனக்கு இன்னும் நிக்கேல்லையோடி?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கையில் மா சொட்டச் சொட்ட நானும் சிரித்தேன். அவர் இருந்திருந்தால் இதை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பார்.

“அந்தத் துடக்கு இல்லை அக்கா” என்றேன். “அவர் செத்துப்போனார். புதன்கிழமை.”

எண்ணெய் புகையத் தொடங்கியிருந்தது.

“புதன்கிழமையோ?” ரீச்சர் விரலை மடக்கி நாளை எண்ணினார். “அப்ப இந்த உருண்டையெல்லாம்... இந்தக் கையாலையோ பிடிச்சனீர்? என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கோ?”

“ஓம் ரீச்சர்.”

“உம்மை நான் என்ரை கூடப்பிறந்த சகோதரம் மாதிரி எல்லோ நினைச்சனான்!”

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. விளக்கைப் பூவால் அணைத்தார். மஞ்சள் பிள்ளையாரைத் தட்டத்தில் எடுத்து வைத்தார். அடுப்பை அவரே நிற்பாட்டினார். படலையடியில் ஒருதரம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கோபத்தில் போனாரா, செத்தவீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் முறை என்று போனாரா தெரியவில்லை. முறைக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அழுதேன். வாய்விட்டு, ஊர் கேட்க அழுதேன். தங்கேஸ் அக்கா உள்ளே வந்து என் தலையிலிருந்த வலைத்தொப்பியை மெல்லக் கழற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “அஞ்சு நாளாய் இதை எங்கையடி வைச்சிருந்தனீ?” என்றார்.

ஆகஸ்ட் 21, பின்னேரம்

ஒஸ்லோவுக்கு ஒரு இருக்கையும் இல்லை. விடுமுறைக்கு வந்த சனம் முழுவதும் திரும்புகிற கிழமை. முப்பதாம் திகதிக்குப் பிறகுதான் இருக்கிறதாம். இருபத்தாறாம் திகதி தகனம். பதினெட்டாம் திகதி ஆரபி ஒரு இருக்கை பார்த்து வைத்திருந்தாள். அப்போது எனக்குப் பலகாரம் சுட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 22

உருண்டைகளை மாட்டுக்குக் கொடுக்கவும் தங்கேஸ் அக்கா சம்மதிக்கவில்லை. கொல்லையில் கிடங்கு வெட்டித் தாட்டோம். ரீச்சர் பருத்தித்துறையில் யாரையோ பிடித்திருக்கிறாராம். நல்லது. ரீச்சர் சொல்லி ஆவணிக்குக் கேட்டிருந்த மற்ற இரண்டு வீடுகளும் ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டன. வேலைக்கு வந்த பெண்களை இனி வர வேண்டாம் என்று சொன்னேன். சின்னவள் ஒருத்தி வலைத்தொப்பியைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆரபி அறிவித்தலை எனக்கு வாசித்துக் காட்டினாள். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். “...சுகிர்தமலரின் ஆ... ஆருயிர்க் கணவரும்...”

“ஆருயிர் வேண்டாம் பிள்ளை. அவர் கேட்டால் சிரிப்பார். அன்புக் கணவர் எண்டு போடு.”

“அப்ப பேர் போடுறது சரிதானோ அம்மா?”

“சரி.”

“நான் இஞ்சை பத்திரத்திலை வேறை மாதிரி எல்லோ கையெழுத்து வைச்சிருக்கிறன்?”

“அது கடதாசிக்கு” என்றேன்.

சொன்ன பிறகுதான் இது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, இனி அதை நான் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

ஆகஸ்ட் 26

இன்று தகனம். அங்கே காலை பதினொரு மணிக்கு, இங்கே பின்னேரம் இரண்டரை.

அயல் பெண்கள் வந்திருந்தார்கள். சரோவும் வந்தாள். அவளுடைய துடக்கு முடிந்து இரண்டு கிழமையும் ஆகவில்லை, திரும்பவும் செத்தவீட்டில் வந்து இருந்தாள். பலகாரம் ஆறவைக்கிற நீட்டு மேசையில் கைத்தொலைபேசியைச் சாத்தி வைத்து எல்லோரும் பார்த்தோம். ஆரபி பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள். உண்மையாகவே மெலிந்துதான் போயிருந்தார். பஸ் சீருடைக் கோட்டுத்தான் போட்டிருந்தார்கள். மேல் பையில் ஒரு பேனா. யார் வைத்ததோ. முன்வரிசையில் குணவதிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. எனக்காக விட்டிருப்பதாக ஆரபி சொன்னாள்.

ஐயர் அங்கே தேவாரம் தொடங்கியதும் இங்கே தங்கேஸ் அக்கா என் பக்கத்தில் வந்தார். புருஷனை இழந்தவர்தான் செய்ய வேண்டும், அதனால் அவருடைய கை.

“மலர், கொடியைக் கழட்டோணும். எங்கையடி தாலிக்கொடி?”

எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். கள்ளருக்குப் பயந்து கொடியைக் கழற்றி வைத்திருக்கிற பெண்கள் ஊரில் நிறையப் பேர். ஒருவரும் அதில் பிழை காணவில்லை.

“அலுமாரியிலை இருக்கு. போட்டுக்கொண்டு வாறன்” என்று எழுந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

அந்தப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்த அன்று ஒஸ்லோ வீட்டில் கழற்றியது. குசினி மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார். “ஏன், கழுத்துக் கடிக்குதோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது.

அலுமாரியில் சேலைகளுக்குக் கீழிருந்து எடுத்தேன். கொளுவி இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து நிமிர்த்த வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தில் போட்டேன். குளிர்ந்து கிடந்தது. பிறகு சூடேறியது.

வெளியே தேவாரம் முடிகிற மாதிரி இருந்தது. தங்கேஸ் அக்கா கதவில் தட்டினார்.

“மலர், நேரம் போகுது. பெட்டியை மூடப்போகினம். வாவன்.”

“வாறன் அக்கா” என்றேன்.

“என்னடி செய்யிறாய் உள்ளுக்கு?”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. இப்பதான் போட்டனான்.”